பெயர் பலவாயினும் பெட்டி ஒன்று

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



காலை முதல் இம்மேடையில் கவிதை பொழிந்திருக்கிறது. மரபுப்பாவும் புதுப்பாவும் மாறி மாறி ஒலித்த இவ்வவையில், மின்னஞ்சல் சேவையகம் என்றும் மாற்றுப்பெயர் என்றும் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் செயற்குழு இத்தலைப்பை எனக்கு வழங்கியதற்குக் காரணம் உண்டு. நம் வட்டம் தனக்கென ஒரு களப்பெயரைப் பதிவு செய்து, தன் மின்னஞ்சலைத் தானே நடத்துவதா வேண்டாவா என்பதை வரும் பொதுக்குழுவில் முடிவு செய்ய வேண்டியுள்ளது. முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். கணினித் துறை சாராதவர்க்கும் விளங்குமாறு அதன் உள்ளமைப்பை எடுத்துரைப்பது என் கடன்.

புனைபெயர் மரபு

பெயரையும் ஆளையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. சங்கப் புலவருள் செம்புலப் பெயனீரார், அணிலாடு முன்றிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார் எனச் சிலரை அறிவோம். அவர்களின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர்கள் ஆண்ட சொற்றொடரே அவர்களுக்குப் பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டிலோ, பெயரை எழுதுவோரே தேர்ந்துகொண்டனர். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். கனக. சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். ரா. கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார். பொறியாளர் ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை ஏற்றுச் சுஜாதா ஆனார்.

இங்கே ஒரு நடைமுறை வினா எழுகிறது. புனைபெயருக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினால், அது எவ்வாறு உரியவரிடம் போய்ச் சேர்ந்தது? இதழ் அலுவலகத்தில் இருந்த உதவியாசிரியருக்கு அப்பெயருக்கு உரியவர் யார், அவர் வீடு எது என்பன தெரியும். உறையின்மேல் உண்மை முகவரியை எழுதிச் சேர்ப்பித்தார். எழுதியவருக்கு அம்முகவரி தெரியவேண்டிய தேவை இல்லை. அந்த உதவியாசிரியர் மனத்தில் வைத்திருந்த பட்டியலைத்தான் மின்னஞ்சல் உலகில் மாற்றுப்பெயர் அட்டவணை என்கிறோம். ஆங்கிலத்தில் ஏலியஸ் என்று வழங்குவது இதுவே. கருத்து நமக்குப் பழக்கமானது. கருவி மட்டுமே புதிது.

முகவரியின் இரு பாதி

1971ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், அர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மடல் அனுப்ப வழி கண்டார். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக் காட்ட @ என்னும் குறியைத் தேர்ந்தவரும் அவரே. இன்றளவும் முகவரி அக்குறியால் இரண்டாகப் பிரிந்தே நிற்கிறது.

குறிக்கு வலப்புறம் இருப்பது களப்பெயர். அது உலகப் பொதுவான பதிவேட்டில் பதியப்படுவது. ஆண்டுதோறும் கட்டணம் செலுத்திக் காக்கப்படுவது. அப்பெயருக்கு வரும் அஞ்சலை எந்தக் கணினி ஏற்கும் என்பதையும் அப்பெயரோடு இணைந்த ஒரு குறிப்பு உலகுக்கு அறிவிக்கிறது. குறிக்கு இடப்புறம் இருப்பதன் நிலை வேறு. அதற்குப் பொருள் காணும் உரிமை, அஞ்சலை ஏற்கும் களத்தாருக்கு மட்டுமே உண்டு என்பது 2008ஆம் ஆண்டில் வெளியான ஆர்.எஃப்.சி. 5321 என்னும் நெறிமுறையின் விதி. அனுப்பும் கணினியும் இடையில் நிற்கும் கணினியும் இடப்பக்கத்தைப் பிரித்துப் பொருள்கொள்ளல் ஆகாது.

இவ்விதியின் பயனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். களப்பெயர் நம்முடையதாயின், அதன் இடப்பக்கத்தில் எத்தனை பெயர் வைப்பது, எப்பெயர் எவரைச் சுட்டுவது என்பதெல்லாம் நம் ஆட்சிக்கு உட்பட்டவை. ஒவ்வொரு பெயருக்கும் எவரிடமும் விண்ணப்பிக்க வேண்டுவதில்லை, கட்டணமும் இல்லை.

மெய்நிகர் என்றது ஏன்?

தொடக்க காலத்தில் மின்னஞ்சல் முகவரி உடையவர் என்றால், அந்தக் கணினியில் கணக்கு உடையவர் என்றே பொருள். யூனிக்ஸ் கணினிகளில் ஒருவருக்கு முகவரி தரவேண்டுமானால் கணினிக்குள் நுழையும் உரிமையையும் தரவேண்டியிருந்தது. 1980களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் ஆல்மன் உருவாக்கிய செண்ட்மெயில் என்னும் மென்பொருள், ஒரு பெயருக்கு வருவதை மற்றொரு பெயருக்கு மாற்றும் அட்டவணையைக் கொண்டிருந்தது. எனினும் அம்முறையில் இரு குறைகள் இருந்தன. நாற்பது பாவலர்க்கு முகவரி தர நாற்பது பேருக்குக் கணினியின் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பது ஒன்று. ஒரே கணினி இரண்டு களப்பெயர்களுக்கு அஞ்சல் ஏற்கும்போது, இரு களத்து ஆசிரியரும் ஒருவராகவே கருதப்படுவர் என்பது மற்றொன்று.

இக்குறைகளைத் தீர்க்கப் பிறந்ததே மெய்நிகர் முறை. முகவரியை உடையவர் கணினியின் பயனராக இருக்கவேண்டுவதில்லை. அவர் பெயர் ஓர் அட்டவணையில் ஒரு வரியாக இருந்தால் போதும். வரியில் களப்பெயரும் சேர்ந்தே எழுதப்படுவதால், இரு களங்களின் ஆசிரியர் இருவராகவே நிற்பர்.

மெய்நிகரிலும் இரு வகை உண்டு. மெய்நிகர்ப் பயனர் என்பவருக்குக் கணினிக்குள் நுழையும் உரிமை இல்லை. ஆனால் தமக்கென அஞ்சற்பெட்டியும் கடவுச்சொல்லும் உண்டு. மெய்நிகர் மாற்றுப்பெயர் என்பதற்குப் பெட்டியும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. அது ஒரு கைகாட்டி மரம். தன்னிடம் வரும் மடலை இன்ன பெட்டிக்குச் செல்க என்று திருப்பிவிடுவதே அதன் பணி. பெட்டிகள் சிலவாகவும் கைகாட்டிகள் பலவாகவும் இருப்பதே சிக்கனமான அமைப்பு.

அமைக்கும் முறை

இதனை அமைக்க உலகெங்கும் பயன்படும் கட்டற்ற மென்பொருள்கள் இரண்டைக் குறிப்பிடுகிறேன். ஒன்று, வீட்சே வெனெமா என்னும் டச்சு அறிஞர் ஐ.பி.எம். ஆய்வகத்தில் இருந்தபோது எழுதி 1998ஆம் ஆண்டில் வெளியான போஸ்ட்ஃபிக்ஸ். மற்றொன்று, ஃபின்லாந்தைச் சேர்ந்த டிமோ சிராய்னென் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட டவ்காட். முன்னது வாயிற்காவலரும் அஞ்சற்காரரும் ஆகும். பின்னது பெட்டிகளைக் காத்து, உரியவர் கடவுச்சொல் கூறும்போது திறந்து காட்டுவது.

முதற்கண், நிலையான இணைய எண் கொண்ட ஒரு லினக்ஸ் சேவையகம் வேண்டும். அவ்வெண்ணைக் கேட்டால் நம் கணினியின் பெயரும், அப்பெயரைக் கேட்டால் அதே எண்ணும் விடையாக வரும்படி இருபுறமும் பதிந்திருக்க வேண்டும். இப்பொருத்தம் இல்லாத கணினியின் அஞ்சலைப் பெரிய நிறுவனங்கள் ஏற்கத் தயங்கும்.

அடுத்து, போஸ்ட்ஃபிக்ஸிடம் நம் களப்பெயர் மெய்நிகர்க் களம் என்பதை அறிவிக்க வேண்டும். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று. ஒரு களப்பெயரைக் கணினியின் சொந்தக் களம் என்ற பட்டியலிலும் மெய்நிகர்க் களம் என்ற பட்டியலிலும் ஒருங்கே எழுதுதல் கூடாது. எழுதினால் அது எச்சரிக்கை மொழியும். அஞ்சலும் நாம் எண்ணிய வழியில் செல்லாது.

மூன்றாவதாக அட்டவணைகள். களங்களுக்கு ஒன்று, பெட்டி உடைய பயனர்க்கு ஒன்று, மாற்றுப்பெயர்க்கு ஒன்று என மூன்று போதும். நம் போன்ற சிறு அமைப்புக்கு வெறும் எழுத்துக் கோப்புகளே தகும்; பெரிய அமைப்புகள் மைசீக்குவெல், போஸ்ட்கிரெஸ் முதலிய தரவுத்தளங்களில் வைப்பதுண்டு. மாற்றுப்பெயர்க் கோப்பில் ஒவ்வொரு வரியிலும் இடப்பக்கம் மாற்றுப்பெயர், வலப்பக்கம் சேரவேண்டிய முகவரி. வலப்பக்கத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முகவரிகளைக் காற்புள்ளியிட்டு எழுதலாம். நிறுத்தக்குறியில் நுணுக்கம் காணும் புலவர்க்கு ஒரு செய்தி: பழைய உள்ளூர் அட்டவணையில் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி இடவேண்டும், மெய்நிகர் அட்டவணையில் அது கூடாது, இடைவெளியே போதும். முன்னதைப் பார்த்துப் பின்னதை எழுதுவோர் இங்கே இடறுவர்.

கோப்பை எழுதிய பின் போஸ்ட்மேப் என்னும் கட்டளையால் அதனைக் கணினி விரைந்து தேடும் வடிவுக்கு மாற்றவேண்டும். அதே கட்டளையைக் கொண்டு, இப்பெயருக்கு என்ன விடை என்று வினவியும் பார்க்கலாம். மடல் அனுப்பிச் சோதிப்பதற்கு முன் வினவிப் பார்ப்பது நல்ல பழக்கம்.

பெட்டிகள் அனைத்தையும் ஒரே ஒரு கணினிப் பயனரின் பொறுப்பில், களத்துக்கு ஓர் அடைவு, ஆளுக்கு ஓர் உள்ளடைவு என வகுத்து வைப்பர். ஒவ்வொரு மடலும் தனிக்கோப்பாக நிற்கும் மெயில்டிர் என்னும் முறை டேனியல் பெர்ன்ஸ்டைன் வகுத்தது. ஒரு மடல் பழுதுபட்டாலும் பிற மடல்கள் கெடா என்பது அதன் சிறப்பு. கடவுச்சொற்களை உள்ளபடியே எழுதிவைக்காமல், மீட்டறிய இயலாத மறைவடிவில் வைத்தல் வேண்டும்.

தன் பெயர் தனக்கே

அமைப்போர் பலரும் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. தவறான எழுத்தில் முகவரியிட்டு வரும் மடலும் வீணாகக் கூடாது என்று கருதி, எப்பெயருக்கு வந்தாலும் செயலருக்குச் செல்க என்று ஒரு பொதுவரியை எழுதத் தோன்றும். நல்லெண்ணந்தான். ஆனால் போஸ்ட்ஃபிக்ஸ் முதலில் மாற்றுப்பெயர் அட்டவணையைப் பார்க்கிறது; அதன்பின்னரே பெட்டிகளின் அட்டவணையைப் பார்க்கிறது. மாற்றுப்பெயர் அட்டவணையில் முழு முகவரியைத் தேடுகிறது. அங்கே இல்லையெனில் களப்பெயருக்குரிய பொதுவரியைத் தேடுகிறது. விளைவு யாதெனில், தமக்கெனப் பெட்டி உடையவர்களின் மடல்களையும் பொதுவரி விழுங்கிச் செயலரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. பெட்டி உடைய ஒவ்வொருவர்க்கும் மாற்றுப்பெயர் அட்டவணையில் ஒரு வரி எழுதவேண்டும். இடப்பக்கம் அவர் முகவரி. வலப்பக்கமும் அவர் முகவரியே. தன் பெயர் தனக்கே உரியது என்று ஒருவர் எழுதிவைத்துக் கொண்டாலன்றிப் பொது வெள்ளம் அவரை அடித்துச் செல்லும். பாவலர்கள் இதனைப் பாடுபொருளாகக் கொண்டாலும் மறுப்பதற்கில்லை.

ஆயினும் பொதுவரியே வேண்டாம் என்பது என் கருத்து. குப்பை அஞ்சல் அனுப்புவோர் ஆயிரம் பெயரைக் கற்பித்து அனுப்புவர். அத்தனையும் செயலர் தலையில் விழும். இல்லாத பெயருக்கு வருவதை வாயிலிலேயே, இப்பெயரினர் இங்கில்லை என்று கூறித் திருப்புவதே முறை. ஏற்றுக்கொண்டு, பின்னர்த் திருப்பி அனுப்புவது பெருந்தீங்கு. குப்பை அஞ்சலில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் பொய்யாக இருக்குமாதலால், நம் மறுப்புக் கடிதம் ஏதுமறியா மூன்றாமவர் வீட்டில் போய் விழும்.

காரணப்பெயரும் இடுகுறிப்பெயரும்

நம் வட்டத்துக்கு எப்பெயர்கள் வேண்டும்? நன்னூலார் வகுத்த இடுகுறி, காரணம் என்னும் பாகுபாடே இங்குப் போதுமானது. ஆளின் பெயரால் அமையும் முகவரி இடுகுறி போன்றது. பணியின் பெயரால் அமையும் முகவரி காரணப்பெயர். செயலர், பொருளாளர், ஆசிரியர், நூலகம், கவியரங்கம் ஆகியவை காரணப்பெயர்கள். இவற்றுக்கெல்லாம் பெட்டி வேண்டா, மாற்றுப்பெயர் போதும். போஸ்ட்மாஸ்டர் என்னும் காரணப்பெயர் மட்டும் நம் விருப்பத்துக்கு விடப்பட்டதன்று. அஞ்சல் ஏற்கும் ஒவ்வொரு களத்திலும் அது இருந்தே தீரவேண்டும் என்பது விதி. முறைகேடு பற்றிய புகாருக்கு அபியூஸ் என்னும் பெயர் வேண்டும் என 1997ஆம் ஆண்டின் மற்றொரு ஆவணம் கூறும்.

காரணப்பெயரின் அருமையை நம் வட்டம் துன்பத்தால் உணர்ந்திருக்கிறது. நம் முதற்செயலர் ஐயா அவர்கள் மறைந்த செய்தியை நீங்கள் அறிவீர்கள். வட்டத்தின் தொடக்க ஆறு ஆண்டுக் கடிதங்கள் யாவும் அவருடைய சொந்தக் கணக்குக்கே வந்துகொண்டிருந்தன. அன்று வேறு முகவரி இல்லை. அவரும் அதனைத் தொண்டாகவே ஏற்றார். அவர் மறைந்த பின் கடவுச்சொல் வீட்டாருக்குத் தெரியவில்லை. கணக்கை நடத்தும் நிறுவனத்துக்கு முறைப்படி எழுதியும் பெட்டி திறக்கப்படவில்லை. இப்போது இம்மலரைத் தொகுத்த குழுவினர், தொடக்க ஆண்டுகளில் வந்த பாராட்டும் கண்டனமும் பாடல்களும் இடம்பெறாத காரணத்தை உங்களிடம் கூறியிருப்பார்கள். மூத்த பாவலர் சிலர் தம் கைப்படி இன்றி நேரே தட்டச்சிட்டு அனுப்பிய பாடல்களும் அப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. அவருள் இருவர் இன்று நம்மிடையே இல்லை.

செயலர் என்னும் பெயருக்கு வரும் மடல் அன்றிருந்த செயலரின் பெட்டிக்கும், வட்டத்தின் பொது ஆவணப் பெட்டிக்கும் ஒருங்கே செல்லுமாறு ஒரு வரி இருந்திருப்பின், இவ்விழப்பு நேர்ந்திராது. செயலர் மாறினால் வலப்பக்கத்தில் ஒரு பெயர் மாறும். அச்சிட்ட மடல்தாளும் அழைப்பிதழும் வாசகர் நினைவும் மாறவேண்டுவதில்லை. கைகாட்டி மரம் தன்னிடம் படி எதனையும் வைத்துக்கொள்ளாது என்பதனால், ஆவணப் பெட்டியை வலப்பக்கத்தில் சேர்ப்பதை மறத்தல் கூடாது. செயலர் அனுப்பும் விடைகளுக்கும் படி சேர, அனுப்புவதன் நகலை ஆவணப் பெட்டிக்கு இடும் ஏற்பாடும் வேண்டும்.

புனைபெயரைக் காத்தல்

இனிப் பாவலர்க்கு மிக வேண்டுவதைக் கூறுகிறேன். நம் இதழில் புனைபெயரில் எழுதுவோர் உள்ளனர். சிலர்க்கு அது அழகுக்காக. சிலர்க்கு அது காப்பு. அலுவலகத்தார் அறியாமல் எழுதுவோரும், வீட்டார் அறியாமல் எழுதுவோரும் உளர். புனைபெயருக்கு ஒரு மாற்றுப்பெயர் முகவரி தந்துவிட்டால் காப்பு முழுமையாகும் என எண்ணிவிடலாகாது. மூன்று வழிகளில் அது கசியும்.

முதலாவது, விடையெழுதும்போது. வாசகர் கடிதம் புனைபெயருக்கு வந்து பாவலரின் பெட்டியை அடைகிறது. அவர் விடை எழுதினால், அனுப்புநர் இடத்தில் அவருடைய இயற்பெயர் முகவரியே செல்லும். மாற்றுப்பெயர் வருவதை மட்டுமே திருப்பும்; போவதற்குப் பெயர் சூட்டாது. எனவே அஞ்சல் மென்பொருளில் புனைபெயரைத் தனி அடையாளமாகப் பதிந்து, அதனைத் தேர்ந்து விடையெழுத வேண்டும்.

இரண்டாவது, மடல் சேராதபோது. புனைபெயர் சுட்டும் பெட்டி வேறொரு நிறுவனத்தில் இருந்து, அது நிரம்பிவிட்டாலோ மூடப்பட்டாலோ, சேரவில்லை என்னும் அறிவிப்பு வாசகருக்குச் செல்லும். அவ்வறிவிப்பில் உண்மை முகவரி எழுதப்பட்டிருக்கும். ஆதலின் புனைபெயர் எப்போதும் நம் சேவையகத்தில் உள்ள பெட்டியையே சுட்டவேண்டும். அப்பெட்டியின் பெயரும் இயற்பெயரை உணர்த்தாததாக இருப்பது நலம்.

மூன்றாவது, மடலின் தலைப்பகுதி. நாம் காணும் மடலுக்கு மேல் காணாத சில வரிகள் உண்டு. அவற்றில் அனுப்பியவர் பயன்படுத்திய இணைப்பின் எண் பதிவாகும். உள்ளே நுழைந்த பயனர் அனுப்பும் மடல்களிலிருந்து அவ்வரியை நீக்கும்படி சேவையகத்தை அமைக்கலாம்.

இதன் மறுபுறத்தையும் காணவேண்டும். எவரும் எப்பெயரிலும் எழுதலாம் என்று விட்டுவிட்டால், ஓர் உறுப்பினர் தலைவர் பெயரில் மடல் எழுதலாம்; மற்றொருவரின் புனைபெயரைக் கவர்ந்துகொள்ளலாம். இதனைத் தடுக்க, இக்கடவுச்சொல்லுடன் நுழைந்தவர் இன்ன பெயர்களில் மட்டுமே எழுதலாம் என்று வரையறுக்கும் அட்டவணை ஒன்று போஸ்ட்ஃபிக்ஸில் உண்டு. பெறும் பெயர்க்கு ஓர் அட்டவணை, எழுதும் பெயர்க்கு ஓர் அட்டவணை. முதலதை மட்டும் செய்து நிறுத்திவிடுவோரே மிகுதி. இரண்டாவது இல்லாத இடத்தில் புனைபெயர் யார்க்கும் உரிமையாகாது.

வெளியூர் அனுப்புதலின் இடர்

நாங்கள் முன்பே வேறு நிறுவனத்தில் பெட்டி வைத்திருக்கிறோம், அங்கேயே திருப்பிவிடலாமே என்று கேட்பீர்கள். முன்னாளில் அது எளிதாக இருந்தது. இன்று நிலைமை வேறு. ஒவ்வொரு களத்தாரும் தம் பெயரில் மடல் அனுப்ப உரிமையுள்ள கணினிகள் எவை என்று அறிவித்துவைக்கும் எஸ்.பி.எஃப். என்னும் முறை நடைமுறையில் உள்ளது. மதுரையிலிருந்து ஒருவர் தம் களப்பெயரில் எழுதிய மடலை நம் சேவையகம் வெளி நிறுவனத்துக்குத் திருப்பினால், மதுரைக்காரர் பெயரில் நாம் அனுப்புவதாக அந்நிறுவனம் கருதும், ஐயுறும். மடலில் டிகிம் என்னும் கையொப்பம் இருந்து, அது மாறாமல் சென்றால் தப்பும். இல்லையெனில் மறுக்கப்படவோ குப்பைக்கூடைக்குச் செல்லவோ கூடும். 2024ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ ஆகிய நிறுவனங்கள் அனுப்புநரின் சான்றுகளை முன்னினும் கடுமையாகக் கேட்கின்றன. உறைமேல் உள்ள அனுப்புநர் முகவரியை நம் களத்தின் பெயரால் மாற்றியெழுதும் எஸ்.ஆர்.எஸ். என்னும் மாற்றுவழி உண்டு. எனினும் குப்பை அஞ்சலையும் சேர்த்தே திருப்புவோமாதலால், பழி நம் களப்பெயர்மேல் படியும். பெட்டியை வீட்டிலேயே வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

தமிழ் எழுத்தில் முகவரி

தமிழில் எழுதுவோர் தம் முகவரியைத் தமிழ் எழுத்தில் எழுத இயலாதா என்னும் ஏக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இயலும். இருபக்கமும் எம்மொழி எழுத்தும் வரலாம் என்னும் நெறிமுறைகள் 2012ஆம் ஆண்டில் வெளியாயின. போஸ்ட்ஃபிக்ஸ் 2015ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு முதல் அவற்றை ஏற்கிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர் ஆகிய மூன்று நாடுகளுக்கும் தமிழ் எழுத்திலேயே உயர்நிலைக் களப்பெயர்கள் உள்ளன.

இடர் என்னவெனில், அனுப்பும் கணினி, ஏற்கும் கணினி இரண்டும் அந்நெறியை அறிந்திருந்தாலன்றி மடல் செல்லாது. மறுமுனை அறியாததாயின் தமிழ் முகவரி பயனற்றுப்போம். இங்கேயும் மாற்றுப்பெயரே துணை. பெட்டிக்கு ரோமன் எழுத்தில் பெயர் இருக்கட்டும். தமிழ்ப் பெயரை அதற்கு மாற்றுப்பெயராக அமைப்போம். எவ்வழி வந்தாலும் பெட்டி ஒன்றே.

எழுத்திலக்கணம் அறிந்தவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. கொன்றை என்று ஒரு புனைபெயர் இருப்பதாகக் கொள்வோம். ஒருங்குறி முறையில் கொ என்பதன் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு வேறுபாடு இல்லை. அட்டவணைக்கோ அவை இரு வேறு சொற்கள். இவ்விரண்டும் ஒன்றே என ஒருங்குறி நெறி ஏற்பதால் ஒரே வடிவுக்கு மாற்றும் வழி உண்டு. ஔகாரத்தில் அவ்வழியும் இல்லை. கௌரி என்பதை ஔகாரக் குறியிட்டும் எழுதுகின்றனர்; ஒற்றைக்கொம்பும் ககரமும் ளகரமும் இட்டும் எழுதிவிடுகின்றனர். பின்னது இலக்கணப்படி வேறு சொல். கணினியும் வேறு சொல்லாகவே கொள்ளும். ஆகவே இத்தகைய பெயருக்கு இரு வடிவத்தையும் அட்டவணையில் எழுதிவைத்தல் வேண்டும். பிழைபட எழுதிய அன்பரின் கடிதமும் வந்து சேரவேண்டுமன்றோ!

முடிவாக

இத்துணையும் கேட்டபின், இச்சுமை நமக்கு ஏன் என்று நீங்கள் வினவினால் அது நியாயமான வினா. சேவையகம் நட்டுவைத்த மரம் போன்றதன்று. நாள்தோறும் நீர் ஊற்றவேண்டிய நாற்றங்கால். மென்பொருளைப் புதுப்பிக்கவேண்டும். குறுகிய காலமே செல்லும் பாதுகாப்புச் சான்றிதழைக் காலந்தவறாமல் மாற்றவேண்டும். பெட்டிகளின் படியை வேறிடத்தில் காக்கவேண்டும். அஞ்சலுக்குரிய 25ஆம் எண் வாயிலையே மூடிவைத்திருக்கும் சேவை நிறுவனங்களும் உண்டு. கேட்டுத் திறக்கச் செய்யவேண்டும். இவற்றைச் செய்ய ஒருவர் மட்டும் இருந்தால், முதற்செயலர் காலத்தில் நேர்ந்ததே மீண்டும் நேரும். இருவராவது கற்றிருத்தல் வேண்டும்.

அவ்விருவர் கிடைக்கவில்லையெனில் அமைப்பை ஒரு நிறுவனத்திடம் கட்டணத்துக்கு விடலாம். அதில் இழுக்கொன்றும் இல்லை. ஆனால் களப்பெயர் வட்டத்தின் பெயரிலேயே பதிவாகவேண்டும். தனியொருவர் பெயரில் ஆகாது. ஆண்டுக் கட்டணம் செலுத்தும் பொறுப்பு இருவரிடம் இருக்கவேண்டும். கட்டணம் தவறிக் களப்பெயர் பிறர் கைக்குப் போனால், நம் முகவரிகளுக்கு வரும் மடல் அனைத்தையும் அவரே படிப்பார். புனைபெயர்க்காரர் காப்பும் அன்றோடு போகும். களப்பெயர் நம்மிடம் இருக்கும்வரை, நிறுவனம் மாறினாலும் மாற்றுப்பெயர் அட்டவணையை அப்படியே எடுத்துச் சென்று புதிய இடத்தில் நிறுவலாம். அவ்வட்டவணையை அச்சிட்டு, புனைபெயர்ப் பகுதியை மட்டும் முத்திரையிட்ட உறையில் வைத்து, செயற்குழுவின் ஆவணத்தோடு காக்கவேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே பொதுக்குழுவின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். களப்பெயரை வட்டத்தின் பெயரில் உடனே பதிவு செய்க. பணிப்பெயர்கள் ஐந்தையும், புனைபெயரில் எழுதுவோர் விரும்பினால் அவர்தம் பெயர்களையும் மாற்றுப்பெயர்களாக நிறுவி, பணிப்பெயர் ஒவ்வொன்றுக்கும் ஆவணப் பெட்டியை இணைத்திடுக. சேவையகத்தை நாமே நடத்துவதா என்பதை, அதனைக் கற்க முன்வரும் இளைஞர் இருவர் இவ்வவையில் எழுந்து நின்ற பின் முடிவு செய்க. கற்பிக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஞாயிறு மாலைகளில் நூலக அறையில் இருப்பேன்.